பண்ணைக்கு நிலம் தேடுவோருக்குக் கூகுள் எர்த் ப்ரோ: ஒரு மதிப்புரை

கிராமப்புறத்தில் நிலம் வாங்கி அதைப் பண்ணையாக மாற்ற நினைப்பவருக்குப் பூமியின் செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் கூகுள் எர்த் ப்ரோ என்ற கணினி மென்பொருள் எவ்வளவு தூரம் உதவும் என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன். சுற்றுலாத் தலங்களைச் சுற்றிப் பார்க்கவும் சொந்த வீட்டின் கூரையைத் தேடிக் கண்டுபிடிக்கவும்தான் பலர் இதைத் திறக்கிறார்கள். அந்தப் பயன்பாடுகளைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நிலம் தேடும் வேலையில் இதைத் தொடர்ந்து பயன்படுத்தியதில் நான் வந்து சேர்ந்த கருத்து இது: எந்த நிலத்தை வாங்கலாம் என்று இது சொல்லாது, ஆனால் எந்த நிலத்துக்காகப் பயணச் செலவு செய்ய வேண்டியதில்லை என்பதையும், பார்க்கப் போகும் நிலத்தில் விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதையும் நான் பயன்படுத்திய வேறெந்த இலவசக் கருவியையும் விட நன்றாகச் சொல்லும். கழித்துக்கட்டும் வேலைக்கு இதற்கு ஐந்துக்கு ஐந்து தருவேன். பண்ணையில் எது எங்கே வர வேண்டும் என்று முடிவு செய்யும் வேலைக்கு மூன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை.

2005-இல் வெளியான கூகுள் எர்த்தின் விரிந்த வடிவம் இது. தொழில்முறைப் பயனாளர்களுக்கு ஆண்டுக் கட்டணத்தில் விற்கப்பட்டு வந்து, 2015 ஜனவரியில் இலவசமாக்கப்பட்டது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் நிறுவலாம். பழைய படங்களைப் பார்க்கும் வசதி 2024-இல் இணைய உலாவி வடிவத்துக்கும் கைபேசிச் செயலிக்கும் வந்துவிட்டது. நிலம் பார்க்கப் போன இடத்தில் நின்றுகொண்டே பழைய படத்தைத் திறக்க முடிவது உண்மையிலேயே வசதிதான். ஆனாலும் வேலை செய்ய உட்கார்ந்தால் பெரிய திரையும், கணினியில் நிறுவிய வடிவமும்தான் கைகொடுக்கின்றன. நில வரைபடத்தைப் படத்தின்மேல் பொருத்துவது, கோடு வரைந்து மேடுபள்ளம் பார்ப்பது, பரப்பளவு கணக்கிடுவது எல்லாம் அதில் ஒரே இடத்தில் இருக்கின்றன. தோற்றம் மட்டும் பழையது. சின்னச் சின்னப் பெட்டிகளும் நீளமான பட்டியல்களுமாக, புதிதாகத் திறப்பவருக்குச் சற்று அலுப்பூட்டும்.

இந்த மென்பொருளில் பணம் மிச்சப்படுத்தும் ஒரே வசதி எது என்று கேட்டால், மேலே கருவிப்பட்டையில் கடிகாரச் சின்னத்துடன் இருக்கும் பழைய படங்களின் ஸ்லைடரைத்தான் காட்டுவேன். 2009-இல் ஐந்தாம் பதிப்போடு வந்த வசதி இது. அதை அழுத்தியதும் திரையின் மூலையில் ஒரு காலக்கோடு தோன்றும். அதில் உள்ள ஒவ்வொரு சிறு கோடும் அந்த இடத்துக்குக் கிடைக்கும் ஒரு படத்தின் நாள். சில இடங்களுக்கு ஏராளமாகக் கிடைக்கும். சில இடங்களுக்குப் பல ஆண்டு இடைவெளியில் ஓரிரண்டே கிடைக்கும். விற்பவர் நிலத்தை ஒரு நாளின் தோற்றத்தில் காட்டுகிறார். அந்த நாளும் பெரும்பாலும் அவரே தேர்ந்தெடுத்த நாள்: மழை முடிந்து பச்சை கட்டியிருக்கும் காலம், அல்லது புதிதாக உழுது மண் சீராகத் தெரியும் காலம். ஸ்லைடரோ அதே நிலத்தைக் காய்ந்த காலத்திலும், யாரும் பராமரிக்காமல் விட்ட ஆண்டிலும் காட்டிவிடுகிறது.

நான் பார்த்த ஒரு நிலத்தைச் சொன்னால் இது விளங்கும். நேரில் போனபோது முழு நிலமும் ஒரே சீராக உழப்பட்டிருந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. போகும் முன்பே பழைய படங்களைப் புரட்டியிருந்ததால், தாழ்வான மூலையில் முட்டை வடிவத்தில் ஒரு வெளுத்த திட்டு பல ஆண்டுகளின் கோடைக்காலப் படங்களில் திரும்பத் திரும்ப இருப்பதைக் கவனித்திருந்தேன். பயிர் நின்ற ஆண்டுகளிலும் அந்தத் திட்டில் மட்டும் எதுவும் முளைக்கவில்லை. பின்னாளைய படங்களில் அதன் ஓரம் வெளிப்பக்கமாக நகர்ந்திருந்தது. படத்தில் இடக்குறி (இடத்தை அடையாளமிடும் சின்னம்) வைத்துக்கொண்டு போயிருந்த அந்த இடத்தில் நின்று மண்ணைக் கிளறிப் பார்த்ததில், உழவில் புரண்ட கட்டிகளின் ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விற்பவரிடம் கேட்டதற்கு, அங்கே முன்பு மாடு கட்டியிருந்தார்கள் என்றார். எந்த ஆண்டின் படத்திலும் அங்கே கொட்டகையோ, மாடுகள் நடந்த தடமோ இல்லை. கேள்வி கேட்கும் இடம் முன்பே தெரிந்திருந்ததுதான் எனக்குக் கிடைத்த லாபம். இல்லாவிட்டால் அந்த மூலைப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

வெளுத்த திட்டு என்றாலே உப்பு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. சரளை மேலெழுந்த இடமும், மேல்மண் அரிக்கப்பட்டு அடிமண் தலைகாட்டும் இடமும், வெறும் மணல் படிந்த இடமும் வானத்திலிருந்து ஏறக்குறைய ஒரே நிறத்தில்தான் தெரியும். கருத்த திட்டும் அப்படியே. அது மட்குச்சத்து நிறைந்த மண்ணாக இருக்கலாம், நீர் வடியாமல் தேங்கும் இடமாக இருக்கலாம், அறுவடைக்குப் பின் பயிர்த்தாள் எரித்த தடமாகக்கூட இருக்கலாம். படம் இடத்தைக் காட்டும்; காரணத்தை மண்வெட்டிதான் காட்டும். திட்டுகளின் எல்லையைப் பலகோணமாக வரைந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி எடுத்துப் பார்ப்பதும், திட்டுவாரியாகத் தனித்தனி மண் மாதிரி எடுத்துச் சோதனைக்குக் கொடுப்பதும் நல்ல முறை. முழு நிலத்தின் மண்ணையும் ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பினால், சோதனை அறிக்கையில் உப்பு அளவு நடுத்தரமாகத் தெரியும். நிலத்தில் எந்த இடத்திலும் அந்த நடுத்தரம் இருக்காது. உப்பின் அளவைக் காட்டுவது மின்கடத்தும் திறன்; நீரால் நிறைவுற்ற மண்ணிலிருந்து எடுத்த கரைசலில் அது மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸ் தாண்டினால் உவர்மண் என்று கொள்வது வழக்கம். அந்த அளவைத் தாண்டுவது நிலத்தின் எத்தனை பங்கு என்பதற்கு, திட்டுகளை வரைந்த பலகோணங்களின் பரப்பளவே விடை தந்துவிடும்.

ஸ்லைடரைக் கொண்டு தேட வேண்டியவை இன்னும் சில உண்டு. மேல்மண்ணை வெட்டி விற்ற நிலம், அந்த ஆண்டின் படத்தில் கூர்மையான நேர் ஓரங்களோடு வேறு நிறத்தில் தெரியும்; பிறகு அதைச் சமன்படுத்திப் புல் வளரவிட்டால் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். பள்ளத்தில் கட்டடக் கழிவு கொட்டி நிரப்பிய இடமும் அப்படித்தான். நிலத்தின் குறுக்கே வளைந்து செல்லும் கருமையான அல்லது கூடுதல் பசுமையான பட்டை, பழைய நீரோட்டப் பாதையின் அடையாளமாக இருக்கலாம். ஓடை வழிமாறிப் போய்ப் பல காலம் ஆகியிருந்தாலும், பெருமழையில் தண்ணீர் அந்தப் பாதையைத் தேடித்தான் வரும். வீடோ கிடங்கோ கட்ட நினைத்த இடம் அந்தப் பட்டையின் மேல் விழுகிறதா என்று பார்த்துக்கொள்வது வாங்கியபின் செய்யும் வேலை அல்ல.

இவை எல்லாவற்றையும் விட நான் அதிகம் மதிப்பது பக்கத்து நிலங்களைப் பார்ப்பதைத்தான். வாங்கப் போகும் நிலத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் அளவில், வறண்ட காலத்தின் படங்களை மட்டும் ஆண்டுவாரியாக எடுத்துப் பார்க்க வேண்டும். மழையில்லாத காலத்தில் பச்சையாக இருக்கும் வயல் என்றால் அங்கே பாசனத்துக்குத் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். ஆண்டு செல்லச் செல்ல அந்தப் பச்சைக் கட்டங்கள் குறைந்துகொண்டே வந்தால், அல்லது பயிர் நின்ற இடங்களில் அதிகம் தண்ணீர் கேட்காத மரங்கள் வந்திருந்தால், அந்த வட்டாரத்தின் நிலத்தடி நீரைப் பற்றி ஒரு சந்தேகம் எழ வேண்டும். ஆள் பற்றாக்குறையாலும், விலை வீழ்ச்சியாலும், வாரிசுகள் வெளியூர் போனதாலும் பயிர் நிற்கலாம் என்பது உண்மைதான். ஆயினும் பக்கத்துத் தோட்டக்காரரிடம் போய், அந்த வயலில் ஏன் பயிர் செய்வதை விட்டார்கள் என்று குறிப்பாகக் கேட்க முடிகிறது; தண்ணீர் எப்படி என்று பொதுவாகக் கேட்டால் கிடைக்கும் பதிலை விட அதற்குக் கிடைக்கும் பதில் எப்போதும் பயனுள்ளதாக இருக்கும். கிணற்றின் உண்மையான ஊற்றை அறிய நீண்ட நேரம் தொடர்ந்து இறைத்து, நீர்மட்டம் திரும்ப ஏறும் வேகத்தை அளந்தே ஆக வேண்டும். அதற்கு எந்தப் படமும் மாற்றாகாது.

இந்த வசதியின் முதன்மையான குறையையும் சொல்ல வேண்டும். செயற்கைக்கோள் படம் தெளிவாகக் கிடைக்க மேகமில்லாத வானம் வேண்டும்; ஆகவே சேமிப்பில் இருக்கும் படங்களில் பெரும்பகுதி தெளிவான, வறண்ட நாள்களில் எடுக்கப்பட்டவை. வெள்ளம் சூழ்ந்த நாளின் படம் கிடைப்பது அரிது. நிலத்தில் தண்ணீர் நிற்கும் படம் இல்லை என்பதால் அங்கே தண்ணீர் நிற்காது என்று எண்ணுவது பெரிய ஆபத்து. வெள்ளத்தின் தடத்தைத் தேடலாம்: வேலியோரத்தில் நீளமாகப் படிந்த மணல், ஒரே திசையில் சாய்ந்த செடிகள், வரப்பு உடைந்து புதிதாகப் போட்ட இடம் போன்றவை மழைக்காலம் முடிந்து எடுத்த படத்தில் சில சமயம் கிடைக்கும். இன்னொன்று, படத்தின் நாள். திரையின் கீழே காட்டப்படும் நாளை, நிலத்தை நன்றாக நெருங்கிய பிறகுதான் பார்க்க வேண்டும். தொலைவில் தெரியும் படம் பல நாள்களில் எடுத்த படங்களை ஒட்டி உருவாக்கியது; ஒரே நிலத்தின் நடுவில்கூட இரண்டு படங்களின் ஒட்டு விழுவது உண்டு. இடப்பக்கம் பச்சையும் வலப்பக்கம் காய்ந்தும் இருப்பதைப் பார்த்து மண் வேறுபாடு என்று நினைத்துக்கொள்ளும் முன், அந்த ஒட்டுக்கோடு நிலத்தின் எல்லைகளைப் பொருட்படுத்தாமல் நேராக ஓடுகிறதா என்று கவனிக்க வேண்டும்.

இடைவெளிகளை நிரப்ப, ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிக்கஸ் திட்டத்தின் சென்டினல்-2 படங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 2015-இல் முதல் செயற்கைக்கோளும் 2017-இல் இரண்டாவதும் ஏவப்பட்டன. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படமெடுக்கும் வகையில் அமைக்கப்பட்டவை. ஒரு புள்ளி 10 மீட்டர் அகலம் என்பதால் மரத்தையோ கிணற்றையோ பார்க்க முடியாது. ஆனால் எந்த மாதத்தில் நிலம் பச்சையாகிறது, எந்த மாதத்தில் காய்கிறது என்பதை ஆண்டு முழுவதும் பின்தொடரலாம். கூகுள் எர்த் ப்ரோவில் கூர்மை உண்டு, தொடர்ச்சி இல்லை. சென்டினலில் தொடர்ச்சி உண்டு, கூர்மை இல்லை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது எல்லை. விற்பவர் தரும் நில அளவை வரைபடத்தை ஒளிவருடி, அதை ஒரு மேற்படமாகச் சேர்த்து, மூலைகளை இழுத்துச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தலாம். ஒளிபுகு தன்மையைக் குறைத்துக் கூட்டி இரண்டையும் ஒப்பிடலாம். வரைபடத்திலும் படத்திலும் ஐயமின்றித் தெரியும் இரண்டு மூன்று புள்ளிகளை, எடுத்துக்காட்டாகப் பழைய கட்டடத்தின் மூலையையோ சாலைச் சந்திப்பையோ, பிடித்துக்கொண்டு பொருத்தினால் வடிவம் ஓரளவு சரியாக உட்காரும். வேலி உண்மையில் ஓடும் கோடும் வரைபடத்தின் கோடும் பெரிதாக விலகினால் உடனே தெரிந்துவிடும். பக்கத்து நிலத்துக்காரர் எப்போது வரப்பை நகர்த்தினார் என்பதைக்கூட ஸ்லைடரில் கண்டுபிடிக்க முடிந்திருக்கிறது.

இந்தக் கோட்டை வைத்துக்கொண்டு யாரிடமும் வாதாடக் கூடாது. பம்புக் கொட்டகையின் மூலையில் ஓர் இடக்குறியை வைத்துவிட்டு ஸ்லைடரை நகர்த்திப் பாருங்கள்: ஓர் ஆண்டில் குறி மூலையில் சரியாக நிற்கும், இன்னோர் ஆண்டில் கொட்டகை சில மீட்டர் தள்ளி நிற்கும். கொட்டகை நகரவில்லை, ஒவ்வொரு படமும் பூமியின்மேல் பொருத்தப்பட்டிருக்கும் துல்லியம் வேறு. கைபேசியின் ஜிபிஎஸ்ஸும் திறந்த வானத்தின் கீழேயே ஏறத்தாழ 5 மீட்டர் வரை விலகும். 200 மீட்டர் நீளமுள்ள எல்லைக்கோடு 5 மீட்டர் தள்ளிப் போனால் 1,000 சதுர மீட்டர் நிலம், அதாவது ஒரு ஹெக்டேரில் பத்தில் ஒரு பங்கு, கைமாறிவிடும். எல்லைக்கற்களை நில அளவையரைக் கொண்டு, பக்கத்து நிலத்துக்காரர்களின் முன்னிலையில் அளந்து உறுதி செய்வதற்குச் சமமான எதையும் இந்த மென்பொருளால் தர முடியாது. தருவதாக அதுவும் சொல்லிக்கொள்வதில்லை.

பாதையைப் பற்றி ஒரு சொல். படத்தில் நிலம் வரை ஒரு வண்டித்தடம் வருவது தெரிந்தால், யாரோ அந்த வழியில் போய்வருகிறார்கள் என்பது மட்டுமே உண்மை. போவதற்கு உரிமை இருக்கிறதா என்பதைப் பத்திரங்களில்தான் பார்க்க வேண்டும். பழைய படங்களில் அந்தத் தடம் வருடத்துக்கு வருடம் இடம் மாறிக்கொண்டிருந்தால், அடுத்தவர் நிலத்தின் வழியே அவருடைய தயவில் போய்வரும் பாதையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இனி, நான் மதிப்பெண்ணைக் குறைத்த இடத்துக்கு வருகிறேன். நிலத்தின் குறுக்கே ஒரு பாதை வரைந்து, அதன் உயரக் குறுக்குவெட்டைக் கேட்டால், மென்பொருள் அழகான ஒரு வரைகோட்டைக் காட்டும். அதிகபட்சச் சரிவு, சராசரிச் சரிவு, ஏற்றம், இறக்கம் எல்லாவற்றையும் எண்ணாகவே தரும். அந்த எண்கள் தரும் நம்பிக்கைதான் சிக்கல். உலகின் பல பகுதிகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவின் அடிப்படை, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாள் பயணத்தில் ரேடார் கொண்டு எடுத்த அளவீடு. அதில் உயரப் புள்ளிகள் ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒன்று. ஒரு ஹெக்டேர் என்பது நூற்றுக்கு நூறு மீட்டர். ஆக, ஒரு ஹெக்டேர் முழுவதற்கும் பதினொன்று போலத்தான் உயரப் புள்ளிகள் இருக்கும். இடையில் உள்ளதெல்லாம் கணக்கால் நிரப்பப்பட்டவை. வரப்பும் வாய்க்காலும் சிறு மேடும் அதில் கிடையாது. ரேடார் அலை அடர்ந்த மரங்களின் தலைப்பகுதியிலேயே பெருமளவு திரும்பிவிடுவதால், தோப்பு இருக்கும் இடம் குன்றாகவும், தோப்பை ஒட்டிய வெட்டவெளி பள்ளமாகவும் தோன்றலாம். பல இடங்களுக்கு இதைவிட நுட்பமான தரவு சேர்க்கப்பட்டிருக்கிறது என்றாலும், உங்கள் நிலத்துக்கு எந்தத் தரவு பயன்பட்டிருக்கிறது என்பதைத் திரையைப் பார்த்து அறிய வழியில்லை.

மலைச்சரிவில் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. நூறு மீட்டருக்கு இருபது மீட்டர் ஏறும் நிலத்தில், இரண்டு மீட்டர் பிழையிருந்தாலும் சரிவின் போக்கு மாறிவிடாது. சமவெளியில் கதை வேறு. நீர் வடிய நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் வாட்டமே போதும்; தரவின் பிழையோ அதைவிடப் பெரியது. தண்ணீர் மேற்கே ஓடும் என்று திரை காட்டும், மழை வந்தால் கிழக்கே ஓடும். இதை நம்பி வாய்க்கால் வெட்டுவதும், பண்ணைக்குட்டைக்கு இடம் குறிப்பதும் கூடவே கூடாது. போதாக்குறைக்கு, உயரத்தை மூன்று மடங்கு வரை மிகைப்படுத்திக் காட்டும் ஓர் அமைப்பு இருக்கிறது. அதைத் தெரியாமல் கூட்டி வைத்துவிட்டால் சாதாரண நிலம் மலைநாடு போலத் தெரியும். வேலை தொடங்கும் முன் அது 1 என்ற அளவில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

சமவெளி நிலத்துக்கு என் பரிந்துரை, உள்ளே தண்ணீர் தெரியும்படியான ஒரு நீண்ட நெகிழிக் குழாயும் இரண்டு அளவுகோல்களும். குழாயின் இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். இரு முனைகளையும் அளவுகோல்களில் கட்டி, இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நடந்தால் சென்டிமீட்டர் துல்லியத்தில் மேடுபள்ளத்தை அறியலாம். கொத்தனார்கள் தரைமட்டம் பார்க்கப் பயன்படுத்தும் அதே முறைதான். இப்படிக் கண்டுபிடித்த சமஉயரப் புள்ளிகளை நிலத்தில் குச்சி நட்டு அடையாளமிட்டு, பிறகு அந்தப் புள்ளிகளைக் கூகுள் எர்த் ப்ரோவில் இடக்குறிகளாக ஏற்றினால், வரைபடம் வரையும் வேலைக்கு மென்பொருள் திரும்பவும் பயனுள்ளதாகிவிடுகிறது. நிலம் பெரிதாக இருந்தால் நில அளவையரிடம் சமஉயரக் கோட்டு வரைபடமே கேட்டு வாங்கிவிடலாம்.

மேடுபள்ளம் தெரிந்த பிறகு திட்டமிடும் வேலை சுவையானது. பலகோணம் வரைந்தால் பரப்பளவை ஹெக்டேரிலோ ஏக்கரிலோ சதுர மீட்டரிலோ தருவதால், மனத்தில் இருக்கும் பண்ணை உண்மையில் அந்த நிலத்துக்குள் அடங்குமா என்பது விரைவில் தெளிவாகிவிடும். குட்டைக்கு வரும் நீரை எடுத்துக்கொள்வோம். மேலிருந்து குட்டையை நோக்கிச் சரியும் பகுதியைப் பலகோணமாக வரைந்ததில் 2 ஹெக்டேர் வந்தால், 25 மில்லிமீட்டர் மழையில் அந்தப் பரப்பில் விழும் நீர் 500 கன மீட்டர், அதாவது 5 லட்சம் லிட்டர். அதில் எத்தனை பங்கு மண்ணில் இறங்காமல் வழிந்து வரும் என்பது மண்ணையும் சரிவையும் பயிர் மூடாக்கையும் பொறுத்தது. ஐந்தில் ஒரு பங்கு வந்தால் 1 லட்சம் லிட்டர். குட்டையின் கொள்ளளவை முதலில் தீர்மானித்துவிட்டு மழையை எதிர்பார்ப்பதை விட, இப்படி வரும் நீரைக் கணக்கிட்டுக் குட்டையின் அளவை வைப்பது நல்லது. நீர்த்தொட்டியை எங்கே வைப்பது என்பதற்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு: 10 மீட்டர் உயர வேறுபாடு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். குறைந்த அழுத்தத்தில் இயங்கும் சொட்டுநீர்க் குழாய்களுக்கு அந்த உயரமே போதுமா, பம்பு வேண்டுமா என்பதைக் குழாய் செல்லும் வழியைக் கோடாக வரைந்து நீளத்தை அளந்த பிறகு பேசலாம்.

காற்றுத்தடுப்பு மரவரிசைகளையும் இங்கேயே வரைந்து பார்க்கலாம். ஒரு மரவரிசை அதன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தொலைவுக்குக் காற்றின் வேகத்தை நன்கு தணிக்கும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. 10 மீட்டர் வளரும் மரங்களென்றால் அடுத்த வரிசை 100 மீட்டர் தள்ளி இருக்கலாம். வட்டம் வரையும் வசதியைக் கொண்டு, நடப்போகும் மரங்கள் முழுதாக வளர்ந்தபின் அவற்றின் தலைப்பரப்பு எவ்வளவு இருக்குமோ அந்த அளவில் வட்டங்களைப் போட்டுப் பாருங்கள். கன்றாக இருக்கும்போது நெருக்கி நட்டுவிட்டுப் பின்னர் வெட்டித் தள்ளுவதில் பாதி அப்போதே தவிர்க்கப்படும். சூரிய ஒளியைக் காட்டும் வசதியும் உண்டு. நாளின் நேரத்தை நகர்த்தினால் மலைச்சரிவுகளில் நிழல் நகர்வது தெரியும். நாற்றங்காலை எந்தச் சரிவில் வைப்பது என்பதற்கு அது உதவும். ஆனால் அது நிலத்தின் மேடுகளின் நிழலை மட்டுமே கணக்கிடுகிறது. பக்கத்துத் தோட்டத்தின் உயர்ந்த மரங்கள் உங்கள் காய்கறிப் பாத்தியின்மேல் விழவைக்கப் போகும் நிழல் அதற்குத் தெரியாது.

யார் இதைத் தவிர்க்கலாம் என்றால், ஏற்கெனவே பக்கத்திலேயே பல ஆண்டுகள் பயிர் செய்துவருபவர். அவருக்குத் தெரியாத எதையும் இது பெரிதாகச் சொல்லிவிடாது. தொலைவில் இருந்துகொண்டு, பழக்கமில்லாத வட்டாரத்தில் பல நிலங்களை ஒப்பிட வேண்டியவருக்குத்தான் இது முழுப் பயனைத் தரும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு நிலத்துக்கும் தனிக் கோப்புறை வைத்து, சந்தேகங்களைச் சிவப்பு இடக்குறியாகவும், நேரில் பார்த்து உறுதியானவற்றைப் பச்சையாகவும் வைக்கும் பழக்கம் எனக்கு நன்றாக உதவியது. இடக்குறியின் குறிப்புப் பெட்டியில் விற்பவர் சொன்ன பதிலை அன்றே எழுதிவிட்டால், இரண்டாம் முறை கேட்கும்போது பதில் மாறுவதும் தெரிந்துவிடும்.

வரைந்தவற்றை எல்லாம் கே.எம்.எல். என்ற கோப்பு வடிவத்தில் தனியாகச் சேமிக்கலாம். 2008 முதல் அது திறந்த பொதுத்தரமாக இருப்பதால், நில அளவையரும் குழாய் போடுபவரும் பயன்படுத்தும் வேறு மென்பொருள்களும் அதைத் திறக்கும். ஆழ்துளைக் கிணறு போடும் குழுவிடம் இடத்தை வாய்மொழியாக விளக்குவதை விடக் கோப்பைக் கைபேசிக்கு அனுப்பிவிடுவது எளிது. ஆனால் நீங்களாகச் சேமிக்காதவரை, இடக்குறிகள் அனைத்தும் அந்த ஒரே கணினியின் உள்ளே ஒரே கோப்பில்தான் கிடக்கும். கணினி பழுதானால் அவையும் போய்விடும். ஆகவே ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும், அந்த நிலத்தின் கோப்புறையை வலச்சொடுக்கி, நாளைப் பெயரில் சேர்த்து வேறோரிடத்தில் ஒரு படி வைத்துவிடுங்கள்.